கதவோரத்துச் சீட்டு

டொயோட்டா டகோமா, டபுள் கேப், வி6 என்ஜின், நான்கு சக்கர ஓட்டம், தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த டோ பேக்கேஜ். விளம்பரத் தாளில் இழுவைத் திறன் 6,400 பவுண்டு, ஏறத்தாழ 2,900 கிலோ. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இன்னோர் எண். டபுள் கேப் வண்டிகளில் பெரும்பாலும் அது 1,100 பவுண்டை ஒட்டியே இருக்கும். விற்பவர் முதல் எண்ணை மூச்சுக்கு மூச்சு சொல்வார். இரண்டாவதைக் கேட்டால்தான் சொல்வார். டிரெய்லர் வாங்கப்போகும் குடும்பத்துக்கு முதலில் இடிக்கப்போவது இரண்டாவதுதான்.

*

கணக்கு இப்படி. டிரெய்லர் சாமானோடு 5,200 பவுண்டு. அதில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல், 680 பவுண்டு, டிரெய்லரின் மூக்கு வழியாக டிரக்கின் முதுகில் உட்காருகிறது. டங் வெயிட் என்பது இதுதான். 1,100-இல் 680 போனால் மீதி 420. எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச்சே 90 பவுண்டு இரும்பு. மீதி 330. கணவனும் மனைவியும் ஏறி உட்கார்ந்தால் 310. பின்சீட்டில் ஏறக் காத்து நிற்கும் இரண்டு பிள்ளைகளுக்கு மிச்சம் 20 பவுண்டு.

இழுவைக் கணக்கில் பார்த்தாலோ இன்னும் 1,200 பவுண்டு இடம் காலி. இரண்டு எண்களும் பொய்யில்லை. விளம்பர எண்ணை எடுக்கும்போது வண்டிக்குள் ஓட்டுநரும் இன்னொருவரும், ஆளுக்கு 150 பவுண்டு என்று வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள், நாய், ஐஸ் பெட்டி, பின்தொட்டியில் கிடக்கும் சைக்கிள் எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது.

*

டிரெய்லர் விற்கும் இடத்தில் ‘ட்ரை வெயிட்’ என்று ஓர் எடை சொல்வார்கள். தண்ணீர் இல்லாமல், சாமான் இல்லாமல், பல சமயம் பேட்டரிகூட இல்லாமல் எடுத்த எடை அது. அப்படி ஒரு டிரெய்லரை யாரும் ஓட்டிக்கொண்டு போவதில்லை. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 காலன் தொட்டியை நிரப்பினால் 330-க்கு மேல். புரொப்பேன் சிலிண்டர் நிரம்பிய நிலையில் ஒன்று 37 பவுண்டு போல. மூக்கில் இரண்டு நிற்கும், அதாவது நேராக டங் வெயிட்டில். பிறகு நம் வீட்டுச் சமாச்சாரங்கள்: 20 பவுண்டு பொன்னி அரிசிப் பை, குக்கர் இரண்டு, தோசைக்கல். ‘முகாமிலும் இட்லி வேண்டும்’ என்பவர்கள் வீட்டில் டேபிள் டாப் கிரைண்டரும் ஏறும். அதன் கல்லை மட்டும் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும்.

மாவை வீட்டிலேயே அரைத்துக்கொண்டு போகலாம். தண்ணீரை முகாமில் போய்ப் பிடித்துக்கொள்ளலாம்.

*

டங் வெயிட் இவ்வளவு இடத்தைத் தின்கிறதே, சாமானைப் பின்னால் தள்ளி அடுக்கிக் குறைத்துவிட்டால் என்ன என்று தோன்றும். அதைத்தான் செய்யக்கூடாது. மூக்கில் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். லாரி ஒன்று முந்திப் போகும்போது அது தள்ளும் காற்று முதலில் டிரெய்லரை வெளியே தள்ளி, கடந்தபின் உள்ளே இழுக்கும். மூக்கு கனத்த டிரெய்லர் ஒரு தடவை அசைந்து அடங்கும். வால் கனத்தது அடங்காது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, டிரக்கையும் சேர்த்துச் சுழற்றும். 10 முதல் 15 சதவீதம் என்ற விதி இதற்காகத்தான். 12, 13-இல் நிறுத்துவது உத்தமம்.

ஆடத் தொடங்கினால் டிரக்கின் பிரேக்கை மிதிக்கக்கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக் கன்ட்ரோலரில் இருக்கும் கைவிசையால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால் கயிறு நேராவதுபோல் வண்டிவரிசை நேராகும். இந்த விசை எங்கே இருக்கிறது என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேடிக்கொண்டிருக்க அந்த நேரத்தில் அவகாசம் இராது.

*

அரிசோனாவில் புல்ஹெட் சிட்டியிலிருந்து கோல்டன் வேலி நோக்கி ஏறும் மாநிலச் சாலை 68. டேவிஸ் டாம் ஏற்றம் என்று டிரக் உலகத்தில் பெயர். 11.4 மைல் தூரம், ஏறக்குறைய 3,000 அடி உயரம். அமெரிக்காவில் இழுவைத் திறன் என்று இன்று அச்சாகும் எண்களுக்கு உரைகல் இந்தச் சாலைதான். எஸ்ஏஇ ஜே2807 என்ற விதிமுறை 2008-இல் வெளிவந்தது. குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழுவீச்சில், முழு எடையோடு இந்த ஏற்றத்தில் ஏற வேண்டும். பின்னச்சில் ஒற்றைச் சக்கரம் உள்ள டிரக்கின் வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்கக்கூடாது. சமதரையில் நின்ற நிலையிலிருந்து 60 மைலை 30 வினாடிக்குள் தொட வேண்டும். 12 சதவீதச் சரிவில் நின்று, முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்பக் கிளம்பிக் காட்ட வேண்டும்.

அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனியும் தன் வீட்டுத் தராசில் நிறுத்துச் சொன்னதுதான் எடை. 2011 மாடலிலிருந்து டொயோட்டா முதலில் இந்த விதிக்குள் வந்தது. அதன் டண்ட்ராவின் எண் அதனால் குறைந்தது. மற்றவர்கள் ‘நீ முதலில் குறை, பிறகு நான்’ என்று சில வருடம் தட்டிக்கழித்தார்கள். போட்டி விளம்பரத்தில் யாருக்குத்தான் தன் எண்ணைத் தானே குறைக்க மனம் வரும்?

இந்தச் சோதனையில் தேறியது கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் டிரக். அதை உயர்த்தி, 33 அங்குல டயர் போட்டு, இரும்பு பம்பர் மாட்டிய டிரக் அல்ல. டகோமா ஆட்டோமேட்டிக்கின் பின்னச்சு விகிதம் 3.91. 30 சொச்சம் அங்குல டயரைக் கழற்றி 33 போட்டால், பலனில் அது 3.6-க்கு வந்துவிடுகிறது. இரும்பு பம்பரின் எடையோ கதவோரத்துச் சீட்டிலிருந்து நேராகக் கழிகிறது. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் டிரக், பக்கத்து வீட்டுக்காரரின் சாது டிரக்கைவிடக் குறைவாகத்தான் இழுக்கும்.

*

ஃபீனிக்ஸ்வாசிகளுக்கு ஜூன் வந்தால் ஒரே திசைதான்: ஐ-17-இல் வடக்கே, ஃபிளாக்ஸ்டாஃப். கடல்மட்டத்திலிருந்து 1,100 அடியில் கிளம்பி 6,900 அடியில் போய்ச் சேர வேண்டும். நடுவே ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் சாலை. பிளாக் கேன்யன் சிட்டி தாண்டியதும் முதல் ஏற்றம். கேம்ப் வெர்டி பள்ளத்தாக்கில் இறங்கி ஏறுவது அடுத்தது.

2016 முதல் 2023 வரை வந்த டகோமாவின் 3.5 லிட்டர் என்ஜின் 278 குதிரைத்திறன். முழு டார்க் கிடைப்பது 4,600 சுற்றில். இது தெரியாமல் இழுப்பவர்கள் ஏற்றத்தில் பயந்துபோகிறார்கள். டிரான்ஸ்மிஷன் ஆறாம் கியரில் திணறி, ஐந்துக்கு வந்து, நான்குக்கு விழுந்து, மறுபடி ஐந்துக்குத் தாவும். என்ஜின் அலறுகிறதே என்று காலை எடுப்பார்கள், வேகம் விழும், மறுபடி மிதிப்பார்கள், மறுபடி கியர் மாறும். டிரான்ஸ்மிஷன் எண்ணெய் சூடாவது இந்த இழுபறியில்தான். லிவரை எஸ்-இல் தள்ளி, நான்காம் கியரில் நிறுத்தி, சாய்வு கூடினால் மூன்றுக்கு இறக்கி, 4,000-க்கு மேலேயே சுற்ற விட்டால் ஒரே சீராக ஏறும். சத்தம் இருக்கும். சத்தம் கோளாறில்லை.

சும்மா ஒரு மதிப்பு போட்டுப் பார்த்தேன். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 10,000 பவுண்டு, 6 சதவீத ஏற்றம், மணிக்கு 55 மைல். மேலே தூக்க மட்டும் 88 குதிரைத்திறன். எட்டடி அகலச் சுவரைக் காற்றில் தள்ள அறுபது போல, டயர் உருள ஒரு பதினைந்து, இருபது. ஆக 165 சொச்சம். 278-இல் இது சுலபம் என்று தோன்றும். ஆனால் டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மூன்று சதவீதம் போல மூச்சை இழக்கும். 7,000 அடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. கொலராடோவில் ஐ-70-இன் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல். அங்கே மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். 2024 முதல் வரும் டகோமாவில் சிறிய டர்போ என்ஜின் வைத்ததன் அருமை சமவெளியில் தெரியாது. இந்த உயரத்தில் தெரியும்.

*

நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் ‘கேட் ஸ்கேல்’ என்று மஞ்சளும் கறுப்புமாகப் பலகை தொங்கும். பதினெட்டுச் சக்கர லாரிகளுக்கான எடைமேடை. நம்மையும் ஏற விடுவார்கள். தரையில் அடுத்தடுத்து எடைப் பலகைகள். டிரக்கின் முன்னச்சு ஒன்றில், பின்னச்சு ஒன்றில், டிரெய்லரின் அச்சுகள் இன்னொன்றில் வருகிற மாதிரி நிறுத்த வேண்டும். லாரி ஓட்டுநரின் உயரத்துக்கு வைத்த பொத்தான் என்பதால் நாம் இறங்கி, எக்கி அமுக்க வேண்டியிருக்கும். பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் டிரக் எண் கேட்கும். ‘தனியார் வண்டி’ என்றால் போதும். உள்ளே போய்ப் பதினைந்து டாலர் போலக் கட்டினால் முத்திரை போட்ட சீட்டு கையில் வரும்.

அப்படி ஒரு சீட்டு: முன்னச்சு 2,560, பின்னச்சு 3,000, டிரெய்லர் அச்சுகள் 4,580. கூட்டினால் 10,140. டிரக்கின் இரண்டு அச்சும் சேர்ந்து 5,560. அந்த டிரக் மொத்தமாகத் தாங்கலாம் என்று கம்பெனி சொன்னது 5,600. மிச்சம் 40 பவுண்டு. ஓர் ஐந்து காலன் தண்ணீர் கேனைப் பின்தொட்டியில் வைத்தால் தீர்ந்தது. பிறகு டிரெய்லரை ஓரமாகக் கழற்றி நிறுத்திவிட்டு டிரக்கை மட்டும் மறுபடி நிறுத்தினால், முன்னச்சு எவ்வளவு எடை இழந்தது என்பதும் தெரிந்துவிடும். மறு எடைக்குக் கட்டணம் சொற்பம்.

முழுக் குடும்பத்தோடும் முழுச் சாமானோடும் போய் நிறுக்க வேண்டும். வெறும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்பவர்கள் உண்டு.

*

கரும்பு ஏற்றிய டிராக்டர் மேட்டில் முன்சக்கரத்தைத் தூக்குவதைப் பார்த்தவர்களுக்கு, பின்னால் கனத்தால் முன்னால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. டிரக்கில் அது அவ்வளவு நாடகமாக நடக்காது. பின்பக்கம் இரண்டு அங்குலம் அமுங்கும், ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கும், ஸ்டியரிங் இலேசாகும். கைக்கு இதமாக இருக்கிறதே என்றுகூடத் தோன்றும்.

இதற்கு மருந்து என்று பலர் முதலில் வாங்குவது பின்பக்கம் வைக்கும் காற்றுப் பை. லீஃப் ஸ்பிரிங்குக்கு மேல் பையை வைத்துக் காற்றடித்தால் டிரக் நிமிர்ந்துவிடும், போட்டோவில் அழகாக இருக்கும். ஆனால் பின்னச்சின் மேல் இருந்த எடை அங்கேயேதான் இருக்கிறது; முன்னச்சு இழந்தது திரும்பவில்லை; கதவோரத்துச் சீட்டில் ஒரு பவுண்டும் ஏறவில்லை. அறிகுறியை மறைத்தாயிற்று, அவ்வளவுதான்.

எடையைப் பகிரும் ஹிட்ச் வேறு வேலை செய்கிறது. இரண்டு வில்கம்பிகள் ஹிட்ச்சிலிருந்து டிரெய்லரின் சட்டத்துக்குப் பின்னோக்கி நீள்கின்றன. அவற்றை நெம்பி மேலே கொண்டுபோய்க் கொக்கியில் உட்கார வைக்கும்போது, பின்னச்சில் விழுந்த எடையில் ஒரு பகுதி முன்னச்சுக்கும் இன்னொரு பகுதி டிரெய்லரின் அச்சுக்கும் போகிறது. சரிபார்க்க ஓர் இஞ்ச் டேப் போதும். டிரெய்லர் மாட்டுவதற்கு முன் முன்சக்கரத்துக்கு மேல் ஃபெண்டர் விளிம்பின் உயரம், மாட்டியபின் உயரம், கம்பி ஏற்றியபின் உயரம். முன்னால் தூக்கியது எவ்வளவு இறங்க வேண்டும் என்பதில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கணக்கு மாறும், மேனுவலில் இருக்கும். முன்பக்கம் முன்பு இருந்ததைவிடத் தாழக்கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

டிரக்கில் எதையும் மாற்றாமல் செலவு செய்ய வேண்டுமானால் என் வரிசை: நல்ல ஹிட்ச், டிரெய்லரின் வேகக்குறைவை உணர்ந்து பிடிக்கும் பிரேக் கன்ட்ரோலர், பக்கக் கண்ணாடிக்கு மேல் மாட்டும் நீட்டுக் கண்ணாடி. டகோமாவின் கண்ணாடி எட்டடி அகல டிரெய்லரைத் தாண்டிப் பார்க்காது. இதற்கு மேல் செலவு செய்யத் தோன்றினால், டிரெய்லருக்குள் போய் எதை இறக்கலாம் என்று பார்ப்பது மேல்.

*

பந்தின் அளவைப் பார்க்க வேண்டும். 2 அங்குலக் கப்ளர் 2 5/16 அங்குலப் பந்தில் உட்காரவே உட்காராது. பிழை அங்கேயே தெரிந்துவிடும். மறுதலைதான் ஆபத்து. பெரிய கப்ளர் சின்னப் பந்தில் உட்காரும், தாழ்ப்பாளும் விழும், தெருமுனை வரை வரும். முதல் பள்ளத்தில் கழன்று கொள்ளும். தாழ் போட்டபின் டிரெய்லரின் ஜாக்கைக் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பது பழைய ஆட்களின் வழக்கம். டிரக்கின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் பிடித்திருக்கிறது என்று பொருள். சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டினால், கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் தொட்டில் போல் ஏந்திக்கொள்ளும். பிரேக்அவே கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் தனியே டிரக்கில் மாட்ட வேண்டும். எல்லாம் விட்டுப்போன கணத்தில் டிரெய்லரின் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைப்பது அதுதான்.

*

ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து திரும்பும்போது கேம்ப் வெர்டிக்குள் இறங்கும் சாலையில் ஓடிவரும் லாரிகளைத் தடுக்கச் சரளை கொட்டிய ஒதுக்குப்பாதை இருக்கிறது. அதைப் பார்த்தபின் இறக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஏறும்போது என்ஜின் தோற்றால் மெதுவாகப் போவோம். இறங்கும்போது பிரேக் தோற்றால் மெதுவாகப் போக வழியில்லை.

மலை விளிம்பைத் தாண்டும் முன்பே கியரை இறக்கிக்கொள்ள வேண்டும். ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு என்பது லாரிக்காரர்கள் சொல்லும் வழி. காலைப் பிரேக்கின் மேலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்தால் அடிவாரத்தில் புகை மணக்கும். வேகம் ஏற விட்டு, ஒரே அழுத்தமாகப் பிடித்துப் பத்து மைல் குறைத்து, முழுக்க விட்டு ஆற விட வேண்டும். கொலராடோ மாடலில் டீசல் என்ஜின் இருந்த வருடங்களில் செவர்லே எக்ஸாஸ்ட் பிரேக் வைத்துக் கொடுத்தது. இழுவை 7,700 பவுண்டு என்ற எண்ணைவிட அந்த வண்டியில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கன்ட்ரோலரைச் சரிசெய்ய ஆளில்லாத வாகன நிறுத்தம் வேண்டும். இருபத்தைந்து மைல் வேகத்தில் கைவிசையை முழுக்கத் தள்ளி, டிரெய்லரின் சக்கரம் பூட்டிக்கொள்கிற வரை அளவைக் கூட்டி, அதிலிருந்து ஒரு படி குறைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தால் அளவு மாறும்.

*

கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் 55 மைல்தான் சட்டம். நிறையப் பேர் திட்டிக்கொண்டே மீறுகிறார்கள். 55-ஐ 65 ஆக்கினால் காற்றின் எதிர்ப்பு நாற்பது சதவீதம் கூடுகிறது. அதைத் தள்ளத் தேவையான திறன் அறுபத்தைந்து சதவீதம். தனியே போனால் காலனுக்கு இருபது மைல் தரும் டிரக், பெட்டி டிரெய்லரோடு பத்தைத் தாண்டினால் அதிர்ஷ்டம். டேங்க் 21 காலன். பாலைவனத்தில் அடுத்த பங்க் எங்கே என்பதோடு, டிரெய்லரோடு உள்ளே போய் வெளியே வர முடிகிற பங்க் எங்கே என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

டிரெய்லர் டயர்கள் பல 65 மைல் வேகத்துக்கு மேல் செய்யப்பட்டவை அல்ல. அவை தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகின்றன. வருடத்தில் பாதி நாள் அரிசோனா வெயிலில் நின்றே கிழமாகிவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று விட்டுவைத்த டயர்தான் நெடுஞ்சாலையில் வெடித்து, சக்கரக்கூண்டையும் எரிவாயுக் குழாயையும் பிய்த்துக்கொண்டு போகும்.

*

ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர்கள் சிரிப்பார்கள். அங்கே ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் எல்லாவற்றுக்கும் 3,500 கிலோ என்று எழுதியிருக்கும். அமெரிக்க டகோமாவைவிட அரை டன்னுக்கு மேல் அதிகம். பந்தின் மேல் 350 கிலோ வரை. ஆனால் அங்கேயும் டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. முழு 3,500-ஐ மாட்டிவிட்டால் டிரக்குக்குள் ஆள் ஏறுவதற்கே கணக்குப் பார்க்க வேண்டிவரும். கண்டம் மாறினாலும் சீட்டு ஒன்றுதான். ஐரோப்பாவில் மூக்கு எடையைக் குறைவாக வைத்துத் தப்பிக்க முடிவது அங்கே வேகம் குறைவு என்பதால். ஜெர்மனியில் டிரெய்லர் இழுத்தால் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர். அமெரிக்க வேகத்தில் ஐரோப்பிய மூக்கு எடை வேலைக்காகாது.

*

பின்னால் எடுப்பது. ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டால், கை போகும் பக்கம் டிரெய்லரின் வால் போகும். இவ்வளவுதான் வித்தை. மீதியெல்லாம் இல்லறம்.

“ஏங்க, ரைட்ல ஒடிங்க.”

“என் ரைட்டா, உன் ரைட்டா?”

“டிரெய்லரோட ரைட்டு!”

முகாமில் பக்கத்து இடத்துக்காரர்கள் நாற்காலி போட்டு இதைப் பார்ப்பார்கள்; அவர்களும் காலையில் இதே வேடிக்கையைக் காட்டியவர்கள்தான். வலது இடது என்பதை விட்டுவிட்டு, ‘ஓட்டுநர் பக்கம்’, ‘அந்தப் பக்கம்’ என்று பேசினால் பாதிச் சண்டை குறையும். கைபேசியில் பேசிக்கொண்டால் கத்த வேண்டியதில்லை. வழிகாட்டுபவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். பின்னால் மேசை இருக்கிறது, மரம் இருக்கிறது, மின்கம்பத்தின் பெட்டி இருக்கிறது. இறங்கிப் போய்ப் பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது.